ஈஐஎன் மட்டும் இருந்தா பிசினஸ் கார்டு கிடைக்குமா?

அமெரிக்காவுல ஒரு எல்எல்சி (ஓனரோட பொறுப்புக்கு வரம்பு இருக்குற கம்பெனி) ஆரம்பிச்சு ஈஐஎன் நம்பர் வாங்கிட்டா போதும், நம்ம பர்சனல் கிரெடிட்டை யாரும் பாக்காமலே பிசினஸ் கிரெடிட் கார்டு ஆஃபர் வரும்னு சிலர் சொல்றாங்க. நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா இது சரியில்லைங்க. ஈஐஎன் வரிக்காக ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கம்பெனிக்குத் தர்ற அடையாள எண், அவ்வளவுதான், அதுக்குள்ள எந்த கிரெடிட் ஹிஸ்டரியும் கிடையாது. சின்ன பிசினஸுக்கு பேங்க் தர்ற கார்டுல பெரும்பாலும் ஓனரோட சோஷியல் செக்யூரிட்டி நம்பரையும் (தனி ஆளோட அடையாள எண்) கேப்பாங்க, பர்சனல் கேரண்டியும் வாங்குவாங்க, அதாவது கம்பெனி கட்டலைன்னா நீங்க கட்டணும். கேரண்டி இல்லாத கார்டும் இருக்கு, ஆனா அதுக்கு கம்பெனி அக்கவுண்ட்ல நல்ல பேலன்ஸோ வருமானமோ காட்டணும், புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு அது கஷ்டம்.

என் பேச்சை நம்பணும்னு இல்லை, நீங்களே பாக்கலாம். கார்டுக்கு அப்ளை பண்ற பக்கத்துல சப்மிட் பட்டனுக்கு மேல பொடி எழுத்துல இருக்குற நிபந்தனைகளைப் பொறுமையா படிங்க, தனிப்பட்ட பொறுப்பு பத்தின வரி அங்கேயோ கார்டு ஒப்பந்தத்துலயோதான் இருக்கும். ஏற்கனவே கார்டு வாங்கினவங்க ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம்ல வாரம் ஒரு தடவை இலவசமா பர்சனல் ரிப்போர்ட் எடுக்கலாம், மூணு பீரோவோடதையும் (கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கிற கம்பெனிங்க) எடுத்து ஹார்டு இன்கொயரி பகுதியில, அதாவது நீங்க அப்ளை பண்ணப்ப யாரு உங்க ரிப்போர்ட்டைப் பாத்தாங்கன்னு காட்டுற இடத்துல, அந்த பேங்க் பேர் இருக்கான்னு பாருங்க. இன்னொன்னு, ஈஐஎன் ஐஆர்எஸ் சைட்டுல இலவசம், அதுக்குன்னு யாருக்கும் காசு குடுத்துடாதீங்க.