படகு இல்லை என்றால் காலையிலேயே சொல்லுங்கள்!

கடல் சீறினால் சுற்றுலாப் படகை நிறுத்துங்கள். தாராளமாக நிறுத்துங்கள், உயிரைவிட ஊர்சுற்றல் பெரிதில்லை. நிறுத்தியதை வரிசையில் நிற்கிற சனங்களிடம் சொல்வதற்கு மட்டும் ஏன் வாய் வரவில்லை என்றுதான் கேட்கிறேன்.

போன முறை தெற்கே ஒரு படகுத்துறையில் விடிந்ததும் போய் நின்றோம். இரும்புக் குழாய் தடுப்புக்குள் முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் வர முடியாது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பேரன் துண்டை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான். கவுண்டரில் ஆள் இருக்கிறார், போன் பேசுகிறார், உள்ளே மின்விசிறி சுற்றுகிறது. "படகு எப்ப சார்?" என்றால் "வெயிட் பண்ணுங்க". வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் உள்ளேயிருந்து ஒரு குரல்: "இன்னைக்குப் படகு கிடையாது, போங்க." அவ்வளவுதான். ஷட்டர் இறங்கிவிட்டது. அந்தப் பாட்டி எழுந்து நிற்கவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

கடல் திடீரென்று மனம் மாறிவிட்டது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கன்னியாகுமரியில் நீர்மட்டம் தாழ்ந்து படகு நிற்பது இன்று நேற்று வந்த சங்கதியா? திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. 133 அடிச் சிலை. அதைப் பார்க்க ஆசையாக வந்து, விவேகானந்தர் பாறையோடு திரும்பிப் போன குடும்பங்களுக்குக் கணக்கே இல்லை. அந்தப் பக்கம் தண்ணீர் குறைந்தால் பாறை தட்டும், படகு போகாது. அதற்காகத்தான் 2024 டிசம்பர் இறுதியில் விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலமே திறந்தார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பாலத்தில் கால் வைக்க முதலில் கரையிலிருந்து பாறைக்குப் போக வேண்டுமே? அதற்குப் படகுதானே?

கடல் ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமாகும் என்பது கரையோரத்துக் குழந்தைக்கும் தெரியும். எந்த நேரத்தில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அட்டவணையே வெளியிடுகிறார்கள். அலை எவ்வளவு உயரும், முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று பொங்கி வரும் கள்ளக்கடல் வருமா என்பதையெல்லாம் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கணித்து மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. தகவல் இருக்கிறது சாமி! அது கவுண்டர் வாசலில் ஒரு கரும்பலகைக்கு வந்து சேருவதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். "இன்று மதியம் வரை படகு சந்தேகம்" என்று சாக்பீஸில் ஒரு வரி எழுத என்ன செலவு?

தெரியாமல் போனால் வெறும் அலைச்சலோடு முடிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோய்விட்டது. கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்த நேரம் அது. எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கிளம்பிய அலை, நம் கரையில் காற்றே இல்லாத நாளிலும் வந்து அடிக்கும். வெளியூர்க்காரன் கண்ணுக்குக் கடல் அமைதியாகத்தான் தெரியும். அவனுக்கு யாராவது நின்று, காரணத்தோடு, அழுத்திச் சொல்ல வேண்டாமா? "குளிக்கத் தடை" என்று துருப்பிடித்த பலகை வருஷம் முழுக்க நிற்கிறது. எல்லா நாளும் நிற்கிற பலகையை எவன் நம்புவான்?

விடுமுறை நாள் கூத்து தனி. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. வாரம் ஒரு நாள் அவர்களும் ஓய்வெடுக்கட்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் மூடியிருக்கும் சேதி மூடிய கதவில்தான் ஒட்டியிருக்கும் என்றால் அது யாருக்கு? அதைப் படிக்கிறவன் ஏற்கெனவே பஸ் ஏறி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறவன். தனுஷ்கோடியும் அப்படித்தான். 1964 புயலில் அழிந்த ஊரைப் பார்த்துவிட்டு நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போகலாம் என்று மாலையில் கிளம்பினால், சோதனைச்சாவடியில் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். பாதுகாப்புக்காகத்தான், சரி. அந்த நேரக் கட்டுப்பாட்டை ராமேஸ்வரம் பேருந்து நிலையத்தில் பெரிதாக எழுதி வைத்தால் பாதிப் பேர் காலையிலேயே போய்வந்துவிடுவார்களே!

வசதி உள்ளவன் ஹோட்டலில் அறை போட்டு மறுநாள் பார்த்துக்கொள்வான். ராத்திரி ரயிலில் வந்து ராத்திரி ரயிலில் திரும்புகிற குடும்பத்துக்கு அந்த ஒரு பகல்தான். வருஷம் பூராவும் சேர்த்து வைத்த காசு, கெஞ்சி வாங்கிய லீவு. அதை வெயிலில் நிற்க வைத்து வீணடிக்க எவருக்கும் உரிமை கிடையாது.

ஒலிபெருக்கி வைத்திருக்கிறீர்கள். "பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று நாள் முழுக்க அலறுகிறது. அதே மைக்கில் மணிக்கு ஒரு முறை படகு நிலவரத்தையும் சொல்லுங்கள். நாளையே ஆரம்பிக்கலாம், இதற்கு ஒரு டெண்டரும் வேண்டாம்.