லிம் செங் ஹோ வரைந்தது ஏக்கத்தை அல்ல
சிங்கப்பூர் ஓவியர் லிம் செங் ஹோவின் நீர்வண்ணப் படங்களைப் 'பழைய சிங்கப்பூர் மீதான ஏக்கம்' என்று அவரைப் பற்றி இங்கே வந்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏக்கம் வர வேண்டுமென்றால் முதலில் அந்த இடம் மறைந்து போயிருக்க வேண்டும் இல்லையா? அவர் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நாட்களில் நண்பர்களோடு வெளியே போய், கண்ணெதிரே இருந்ததை அங்கேயே உட்கார்ந்து வரைந்தவர், 1979இல் காலமாகிவிட்டார். அவர் வரைந்த சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை 1977இல் தொடங்கி 1987 வரை நடந்தது, அங்கிருந்த சரக்குப் படகுகளை பாசிர் பாஞ்சாங் கடற்கரைப் பகுதிக்கு அனுப்பியது 1983இல். ஆக, படகே இல்லாத ஆற்றை அவர் பார்க்கவே இல்லை. நானும் அவர் வரைந்தது போன்ற கம்பத்தில், அதாவது குடிசைகள் நிறைந்த கிராமத்தில் பிறந்தவன்தான். மழை விட்டதும் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், அத்தாப்பு ஓலைக் கூரையின் நிழலைத் தாண்டி அதில் ஒரு துண்டு வானம் பளிச்சென்று தெரியும். லிம் தன் படங்களில் அப்படி வெளிச்சம் விழும் இடத்தில் வெள்ளைச் சாயம் பூசவில்லை, தாளை அப்படியே விட்டுவிடுவார், அதுதான் வெளிச்சம். அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் போட்டோ இருக்கும்போது ஓவியம் எதற்கு என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் போட்டோவுக்கு ஏது காசு? இருப்பது அக்கா கல்யாணத்தில் எடுத்த ஒன்றுதான், அதிலும் வீடு தெரியாது, பின்னால் கட்டிய துணிதான் தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு மாறிப் பல வருடம் கழித்து அம்மாவிடம் லிம்மின் குடிசைப் படம் ஒன்றின் அச்சைக் காட்டினேன், கூரையின் ஓரத்தில் விரலை வைத்து, "இந்த இடத்தில்தான்டா ஒழுகும்" என்றார்.