கையால் செய்தால் சும்மாவா?

கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுகிறார்: "இதையெல்லாம் வீட்டிலேயே செஞ்சுக்கலாம், செலவு மிச்சம்." எல்லோரும் தலையாட்டுகிறார்கள். யார் செய்யப்போகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் தைக்க, கொஞ்சம் வரையத் தெரிந்த பெண் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தால் போதும், வேலை அவள் தலையில் விழுந்துவிடும். எங்கள் வீட்டில் அது நான்.

தங்கைக்கு ஐப்பசியில் முகூர்த்தம், மண்டபம் குன்னூரில். 300 தாம்பூலப் பை, மணமேடைக்குப் பின்னால் காகிதப்பூத் திரை, வாசல் தோரணம், எல்லாம் என் பொறுப்பு. அவளுக்காகச் செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சந்தோஷமாகத்தான் செய்தேன். என் ஆத்திரமெல்லாம் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஃபோனில் கணக்குப் போட்டவர்கள் மேல்தான். "உங்களுக்கென்ன கண்ணு, மலையில இருக்கீங்க. பூவும் இலையும் சும்மாவே கெடைக்கும். கையில செய்யறதுக்கு என்ன காசு?" என்று ஒரு அத்தை கேட்டார்.

மலையில் எது சும்மா கிடைக்கிறது? மல்லிகை, சம்பங்கி, வெற்றிலை, தேங்காய் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரவேண்டும். வண்டிக்கூலி ஒவ்வொன்றின் விலையிலும் சேர்ந்தே வரும். இங்கே விளைகிற கார்னேஷனும் லில்லியும் முதல் போட்டு, பசுமைக்குடில் கட்டி, பெரிய நகரங்களுக்கு அனுப்புவதற்காக வளர்க்கிற பூக்கள். அந்த விவசாயி எனக்கு எதற்கு இனாமாகத் தரவேண்டும்? "காட்டுல போயி பைன் காயும் பெரணி இலையும் பொறுக்கிட்டு வாயேன்" என்றார் ஒரு சித்தப்பா. காப்புக்காட்டிலிருந்து அனுமதி இல்லாமல் எடுத்தால் வனச்சட்டப்படி குற்றம். 1882-லிருந்தே இருக்கிற சட்டம். பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது அவரா?

அப்புறம் அந்தப் பை விஷயம். "எங்க ஊர்ல துணி மாதிரியே இருக்கிற பை மொத்தமா வாங்கினா சல்லிசு, ரெண்டு மூட்டை போட்டு அனுப்பறோம்" என்றார்கள். அது துணியே இல்லை, நெய்யாத பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாடு முழுக்கத் தடை. நீலகிரியில் 2000-வாக்கிலேயே பிளாஸ்டிக்குக்கு எதிராக இறங்கிவிட்டார்கள், கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். இதைச் சொன்னால் "நீ ரொம்பத்தான் பண்ற" என்கிறார்கள். காட்டுமாடு பிளாஸ்டிக்கை மென்றுகொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். எனக்கு அது வேண்டாம்.

அதனால் காடாத் துணி. துணி, நாடா, தையல்கூலி எல்லாம் சேர்த்துப் பை ஒன்றுக்கு 22 ரூபாய். உள்ளே வைக்கிற தேங்காய், மஞ்சள், குங்குமம், 100 கிராம் தேயிலைப் பொட்டலம் எல்லாம் தனி. இதில் என் வேலை எங்கே? துணி வெட்டி, அச்சுக்கட்டையால் மயில் பதித்து, காயவைத்து, தைத்து வந்ததும் ஊக்கில் நாடாவைக் கோத்து மடிப்புக்குள் தள்ளித் தள்ளி அந்தப் பக்கம் இழுத்து, முடிச்சுப் போட்டு, பொருள் நிரப்ப, ஒரு பைக்கு 20 நிமிடம். 300 பைக்கு 100 மணி நேரம். இந்த 100 மணி நேரம் எந்தக் கல்யாணக் கணக்கு நோட்டிலும் ஏறாது. பந்தல்காரருக்கு ஒரு வரி இருக்கிறது, மேளக்காரருக்கு ஒரு வரி இருக்கிறது, எனக்கு இல்லை.

இதில் மழை வேறு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும், அதுவும் ஐப்பசியில். தண்ணீர் கலந்த பசை அந்த ஈரக்காற்றில் காயவே காயாது. இரவு ஒட்டிய பூ காலையில் கழன்று கிடக்கும். அட்டை ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி சுருளும். கிரேப் காகிதத்தைத் தொட்டால் சிவப்புச் சாயம் விரலில் இறங்கும், அந்த விரலை வெள்ளைத் துணியில் வைத்தால் அந்தப் பை போச்சு. ராத்திரி முழுக்கக் குண்டு பல்பைப் போட்டு அதன் கீழே பைகளைப் பரப்பி உலர்த்தினோம். கரண்ட் பில் வரும்போதாவது அத்தைக்கு ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டும்.

வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? டிரோன் கேமராக்காரர் கேட்ட தொகையை யாரும் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. மழையில் அது பறக்கக்கூட இல்லை, ஆனாலும் முழுப் பணம் கொடுத்தார்கள். நான் துணிக்கு முன்பணம் கேட்டபோதுதான் "அவ்வளவா ஆகுது?" என்று ரசீது கேட்டார்கள். மண்டபத்தில் அதே ஆட்கள்தான் ஆளுக்கு மூன்று பை எடுத்தார்கள். கடைசிப் பந்தியில் சாப்பிட்டு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பை இல்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றது நான்.

இப்போது அந்த அத்தை மகளுக்குத் தை மாதம் கல்யாணமாம். "நீயே செஞ்சு குடுத்துடு கண்ணு, வெளியில குடுத்தா காசு கேப்பாங்க."

நானும் கேட்பேன் அத்தை. துணிப் பணம் முன்னாலேயே வரவேண்டும். பை ஒன்றுக்குக் கூலி 25 ரூபாய், அது சொந்தத்துக்கான விலை. நாடா கோக்க உங்கள் வீட்டிலிருந்து ரெண்டு பேர் மலையேறி வரவேண்டும். சம்மதம் என்றால் மார்கழி பிறப்பதற்குள் சொல்லுங்கள்.