பாய்மரப் படகில் குடித்தனம்

நகரத்து வீட்டை விற்றுவிட்டுக் குழந்தைகளோடு பாய்மரப் படகில் குடியேறும் ஐரோப்பியக் குடும்பங்களின் காணொளிகளைப் பார்ப்பவர்கள், அதுவல்லவோ சுதந்திரம் என்று வியக்கிறார்கள். எனக்கு அந்த வாழ்க்கையின் மீது மதிப்பு உண்டு. ஆனால் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்ட மனம் வரவில்லை.

அட்லாண்டிக்கைக் கடப்பதையே எடுத்துக்கொள்வோம். கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல். நடுத்தரப் படகு போய்ச்சேர மூன்று வாரம் ஆகலாம். படகை மேற்கே தள்ளிச்செல்லும் சீரான வியாபாரக் காற்று நிலைப்படும்வரை, பெரும்பாலும் நவம்பர் கடைசிவரை, காத்திருந்துதான் புறப்படுகிறார்கள். நடுக்கடலில் இரவும் பகலும் யாராவது ஒருவர் கண்காணித்தபடி இருக்க வேண்டும் என்பதால், பெரியவர்கள் இருவர் மட்டுமே உள்ள படகில் கணவனும் மனைவியும் சேர்ந்தாற்போல் விழித்திருக்கும் நேரம் சொற்பம். குடும்பத்தோடு கூடியிருக்க ஆசைப்பட்டுப் போனவர்களுக்கு இது சற்று வேடிக்கையான ஏற்பாடுதான்.

கரை சேர்ந்த பிறகும் நாள்காட்டி விடுவதில்லை. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் பருவம். அந்த மாதங்களில் படகு குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே நிற்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் நிபந்தனை விதிப்பதால், ஏராளமானோர் கிரெனடாவுக்கு இறங்குகிறார்கள். அந்தக் கிரெனடாவையே 2004 செப்டம்பரில் ஐவன் புயல் சூறையாடியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் அந்நாட்டின் கரியகூ தீவைத் தாக்கியபோது, டிரெல் விரிகுடாவை ஒட்டிய அலையாத்திக் காட்டுக்குள் பாதுகாப்புக்காகக் கட்டிவைத்திருந்த படகுகள் பலவும் நொறுங்கின. வீடு விற்ற பணமெல்லாம் படகாகிவிட்ட குடும்பத்துக்கு இருப்பிடமும் சேமிப்பும் ஒரே நாளில் போய்விடும்.

அப்படியானால் மதிப்பு எதற்கு? தொட்டியில் எத்தனை லிட்டர் நன்னீர் மிச்சம், மேகமூட்டமான நாளில் சூரியத் தகடு எவ்வளவு மின்சாரம் தரும், இந்த ஆழத்துக்கு எவ்வளவு நங்கூரச் சங்கிலி விட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு அன்றாடக் கணக்கு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதற்கு மேல் எதுவும் அறியாமல் வளரும் பிள்ளைகளுக்கு இது எந்தப் பள்ளியிலும் இவ்வளவு அழுத்தமாகக் கிடைக்காது. பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று ஏசுவதும் நியாயமில்லை. உடலில் அணிந்த பாதுகாப்புப் பட்டையைப் படகோடு பிணைக்காமல் பிள்ளைகளை மேல்தளத்தில் விடாத கண்டிப்பு அவர்களில் பலரிடம் உண்டு. ஆனால் பதின்ம வயதில் நட்புக்கு ஏங்கும் பிள்ளை கரையிலேயே இருக்கிறேன் என்று சொன்னால், பாயை இறக்கிவிட்டுக் கரைக்கே திரும்பிவிட அந்தப் பெற்றோர் ஆயத்தமாக இருக்க வேண்டும். கடலுக்குப் போகும் முடிவை எடுத்தவர்கள் அவர்கள்தானே.