நோக்கம் எழுத ஒரு ஏ4 தாள்

போன வாரம் மகளின் கல்லூரிக்கு ஊக்கப் பேச்சாளர் ஒருவர் வந்திருக்கிறார். 'என் வாழ்க்கையின் நோக்கம்' என்று தலைப்புப் போட்டு ஆளுக்கொரு ஏ4 தாளில் எழுதி, திங்கட்கிழமை கொடுக்கச் சொல்லிவிட்டார். இவள் இரண்டு நாள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் என் அம்மாவிடம் போய், "அப்பத்தா, உங்க வாழ்க்கையோட நோக்கம் என்ன?" என்று கேட்டாள். அம்மா பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவள். பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நீவாடு எப்புடின்னு தெரியல, இவ வேற" என்றாள். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். அவ்வளவுதான் பதில்.

அம்மா எடுப்பது மரிக்கொழுந்துப் பாசி. கண்ணாடியை மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் இருந்து கையால் கிள்ள வேண்டும். துணி சுற்றாவிட்டால் விரல் கிழிந்துவிடும். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று பெண்களே பேசி வைத்திருக்கிறார்கள், பாசி திரும்ப முளைக்க வேண்டுமே. அதிலிருந்துதான் ஜெல்லி மாதிரி உறையும் அகர் அகர் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் கடல்பாசி இனிப்பாகத் தட்டுக்கு வருவதும் அகர்தான், ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றுவதும் அகர்தான். சரி, பாசியின் நோக்கம் எது? இனிப்பா, கிருமியா? அதற்குள் ஒளியும் மீன்குஞ்சைக் கேட்டால் வேறு ஒன்று சொல்லும். பாசி பாட்டுக்குப் பாறையில் கிடக்கிறது. நோக்கமெல்லாம் எடுக்கிறவன் வைப்பது.

பேச்சாளர் கலாம் ஐயாவை உதாரணம் காட்டினாராம். எங்கள் ஊர்க்காரர், மறுபேச்சே இல்லை. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற ரயிலில் இருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பொறுக்கிய அந்தச் சிறுவன் ஏதாவது தாளில் நோக்கம் எழுதிவிட்டா போனான்? பேப்பர் விற்ற உறவுக்காரருக்குக் கூடுதலாக ஒரு கை தேவைப்பட்டது. போனான்.

எனக்கு இந்த நோக்கம் என்ற சொல்லோடு சண்டை வந்தது தாத்தாவால். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது நாலு வயது அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தப்பியவர். "உன்னை ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் சாமி விட்டு வச்சிருக்கு" என்று யாராவது ஆறுதல் சொன்னால் போதும், பொல்லாத கோபம் வரும். "அப்ப அந்த பாசஞ்சர்ல வந்த சனமெல்லாம் காரணம் இல்லாமப் பொறந்ததா?" என்பார். பாம்பனில் கிளம்பி தனுஷ்கோடி போய்ச் சேராத ரயில் அது. ஒருத்தரும் மிஞ்சவில்லை.

இதற்குப் பதில் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பிழைத்தவனுக்கு நோக்கம் உண்டு என்றால் செத்தவனுக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது. அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம். நோக்கம் எழுதத் தெரியாத பிள்ளை ஏதோ குறையுள்ள பிள்ளை மாதிரி கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பத்தொன்பது வயதில் என்ன தெரியும்? நாற்பத்தாறு வயதில் எனக்கே தெரியவில்லை, செல்போன் கடைக்கு வாடகை கட்ட வேண்டும் என்பதைத் தவிர.

தாத்தா அதற்கப்புறம் முப்பது வருடம் இருந்தார். வலை பின்னினார், சீட்டு விளையாடினார், பேரன்களை அடித்தார். புயல் ராத்திரியைப் பற்றி அவராக வாய் திறந்து நான் கேட்டதில்லை. வாடைக்காற்று பலமாக வீசினால் மட்டும் எழுந்து, தூங்குகிறவர்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் படுப்பார்.

ஞாயிறு ராத்திரி மகள் ஏதோ எழுதி முடித்தாள். என்னவென்று நான் கேட்கவில்லை. காலையில் அப்பத்தாவுக்கு விரல் துணி கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.