பழைய வீட்டை வாங்கி விற்கிறவர்கள் பெயின்டில் தொடங்காதீர்கள்

சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டில் நிற்கும் முப்பது வருஷத்து வீடு. பேசி முடித்த விலை 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சரிசெய்து 90க்குத் தள்ளிவிட்டால் 20 லட்சம் லாபம் என்று பலர் வாய்க்கணக்குப் போடுகிறார்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்துக்கு 6.30 லட்சம். வாங்கும்போது ஒரு சதவீதம், விற்கும்போது ஒரு சதவீதம் என்று தரகுக்கு 1.60. 50 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டி, ஆறு மாதத்துக்கு 2.25. ஒரு செங்கல்லைத் தொடும் முன்பே பாதிக்கு மேல் கரைந்தாயிற்று. மிச்சம் 9.85 லட்சம். மராமத்து, லாபம், வரி எல்லாம் அதற்குள்தான்.

இதில் நாலு லட்சத்தை மாடுலர் கிச்சனிலும் ஃபால்ஸ் சீலிங்கிலும் போடுகிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் புரிவதில்லை. உங்களிடம் வாங்குகிறவர் பெரும்பாலும் வங்கிக் கடனோடு வருவார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் மனையை ஒரு கணக்காகவும், கட்டடத்தை வயதுக்கேற்பக் கழித்து இன்னொரு கணக்காகவும் எழுதுவார். அலங்காரத்துக்கு அந்தத் தாளில் பெரிதாக இடமில்லை. பிளான் அப்ரூவலில் இல்லாத அறையும் அப்படித்தான், பல சமயம் கணக்கிலேயே வராது. பழைய வீட்டில் ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்ததும், விவரம் தெரிந்தவர் மேலே எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்.

மறைப்பது பெரும்பாலும் சீலிங் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் துருவைத்தான். துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் சீலிங் கான்கிரீட் பிளந்து விழுகிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் மரச்சுத்தியலால் ஒவ்வொரு அறையிலும் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பானையைத் தட்டியதுபோல் கேட்டால் உள்ளே கான்கிரீட் பிரிந்திருக்கிறது. விழுந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பி மூடினால் அடுத்த மழைக்கு அதுவும் சேர்ந்து விழும்.

முறையாகச் செய்வதென்றால் முதலில் தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, 20 மி.மீ. வரை, கொத்தி எடுத்துவிட்டுக் கம்பியைப் பளபளவென்று வரும்வரை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, வெர்னியர் அளவுகோல் வைத்து அதன் தடிமனை அளக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தால் கண்ணுக்கு ஒரு மில்லிதான் குறைச்சல். குறுக்குவெட்டில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. அங்கே பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, கெடாத பகுதிக்குள் இருபுறமும் 40 செ.மீ. நீட்டிக் கட்ட வேண்டும். பிறகு துருத்தடுப்புப் பூச்சு, பிடிப்புக்கான பாண்டிங் கோட், அது காய்வதற்குள் பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை. ஒரே மொத்தையாக அப்பாமல் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். பாதி சீலிங்குக்கு மேல் பானைச் சத்தம் கேட்டால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் பார்க்காமல் கை வைக்காதீர்கள். அந்த வீட்டை மனை விலைக்கு மட்டும் பேசுவதே புத்திசாலித்தனம்.

மேலே தண்ணீர் இறங்குவதை நிறுத்தாமல் கீழே இந்த வேலையைச் செய்து பயனில்லை. மொட்டைமாடியில் பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு ஜல்லியும் ஓடும் போடச் சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. நாலு அங்குலத்துக்குப் போட்டால் சதுர அடிக்கு 15 கிலோவுக்கு மேல் பாரம் ஏறும், ஏற்கெனவே கம்பி தேய்ந்த தளத்தின் மேல்! பழையதைப் பெயர்த்துவிட்டுத்தான் புதுசு.

அடுத்தது ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். ரோடு போடப் போட உயர்ந்து, வீடு பள்ளத்தில் போய்விட்ட தெருக்கள் சென்னையில் ஏராளம். அஸ்திவாரத்தின் ஓதத்தடுப்பு அடுக்கே மண்ணுக்குள் போய்விட்டால் சுவர் உறிஞ்சத்தான் செய்யும். (ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். ஆனால் 9.85 லட்சத்துக்குள் அந்தப் பேச்சே வேண்டாம்.) ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அதன் மேல் பட்டி பார்த்தால் சில மாதங்களில் உப்புப் பூத்து உதிரும். கறை ஏறிய உயரத்துக்கு மேல் ஒரு அடி வரை பூச்சைக் கொத்திவிட்டு, செங்கல்லை வாரக்கணக்கில் காயவிட வேண்டும். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான்.

வயரிங்கில் ஒரே ஒரு விஷயம். பழைய வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) மாட்டியதும் அடிக்கடி டிரிப் ஆகும். காரணம், ஒரு அறையின் நியூட்ரலை இன்னொரு அறையோடு சேர்த்து இழுத்திருப்பார்கள், அல்லது எங்கோ கசிவு இருக்கும். எலக்ட்ரீஷியன் அதைத் தேடாமல் ஆர்சிசிபியையே பைபாஸ் செய்துவிட்டுப் போவார். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். சர்க்யூட்டுக்கு ஒரு நியூட்ரல், எல்லா பிளக்குக்கும் எர்த்; லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீஸருக்கும் 4 சதுர மி.மீ. காப்பர் வயர்.

பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன்பே நானி டிராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்) அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். ஒட்டிய பிறகு ஒழுகினால் கூலி இரட்டிப்பு.

வரியையும் மறக்கக் கூடாது. 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப்படி வரி. அதைத் தாண்டினால் 12.5 சதவீதம். இதையே தொழிலாகச் செய்தால் வியாபார வருமானமாகத்தான் பார்ப்பார்கள். மராமத்துக்கு பில் இல்லையென்றால் செலவைக் கழிப்பது சிரமம்.

பைப்பும் வயரும் போட்டு, அதற்காகச் சுவரில் வெட்டிய காடியை அடைத்துப் பூசும் முன், ஒவ்வொரு சுவரையும் டேப்பைப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். கொத்தியெடுத்த கம்பியையும், தண்ணீர் தேக்கிய பாத்ரூமையும் அப்படியே. விலை பேசும் நாளில் மாடுலர் கிச்சனை விட அந்த ஆல்பத்தைத்தான் வாங்குகிறவரின் என்ஜினியர் அதிக நேரம் பார்ப்பார்.