ஜிப் தெரிகிறதாம்

ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகள் திரை கட்டிக் காட்டிய பூதப் படத்திலிருந்து ஒரு தம்பி போனில் எடுத்துப் போட்ட அந்தப் பதினைந்து விநாடித் துண்டை இந்நேரம் யாங்கூனில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏரியிலிருந்து எழுந்து வரும் மிருகம் திரும்புகிறது, முதுகில் ஜிப் தெரிகிறது, ஹாலே சிரிக்கிறது. மேலே 'ரப்பர் பூதம்' என்று ஒரு தலைப்பு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அந்த ரப்பருக்குள் ஒரு ஆள் இருக்கிறார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எடுத்தவர்களிடம் காசு இல்லை, சரி. ஆனால் கம்ப்யூட்டர் பூதத்துக்கு வழியில்லாமல் ரப்பரைத் தேடிப் போகவில்லை. 1954-ல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்' என்ற ஹாலிவுட் பூதப் படத்தின் மேல் உள்ள பிரியத்தில், அதே கருப்பு வெள்ளையில், அதே செதிலோடு எடுத்திருக்கிறார்கள். அந்தப் பழைய படத்தில் மிருகமாகத் தரையில் நடந்தவர் பென் சாப்மன். தண்ணீருக்குள் நீந்தியவர் ரிக்கோ பிரௌனிங். மூச்சை அடக்கிக்கொண்டு நீந்தினார். உருவத்தை வடிவமைத்த மிலிசென்ட் பேட்ரிக்கின் பெயர் டைட்டிலில்கூட வரவில்லை, பெயரெல்லாம் மேக்கப் துறைத் தலைவருக்குப் போனது. அதே வருடம் ஜப்பானில் காட்ஸில்லா. அந்த மிருகத்துக்குள் இருந்து நடித்த ஹருவோ நகாஜிமா முதலில் போட்டுப் பார்த்த உடை சுமார் 100 கிலோ. 1933-ன் கிங் காங்கை இன்று போட்டுப் பாருங்கள், காற்றே இல்லாத இடத்தில் குரங்கின் ரோமம் சிலிர்க்கும். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்தவர்களின் விரல் பட்ட தடம் அது. எனக்கு அந்தப் படத்திலேயே பிடித்தது அந்தத் தடம்தான்.

எங்கள் ஊர்க் கோயிலில் சூரசம்ஹாரத்துக்குச் சூரன் தலை செய்தவர் என் அப்பா. மூங்கில் கூடு, அதன்மேல் பழைய பர்மிய செய்தித்தாளைக் கஞ்சியில் ஊறவைத்து ஒட்டுவார். தலைக்குள் முகத்தை விட்டுப் பார்த்தால் வட்ட வட்டமான எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். கண்ணுக்கு டார்ச் லைட்டின் கிண்ணம். ஒரு வருடம் சண்டை நடக்கும்போதே கீழ் உதடு கிழிந்து தொங்கியது. கூட்டம் சிரித்தது. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு தூண்டில் நரம்பால் அந்த உதட்டைத் தைத்தார். திருவிழா முடிந்துவிட்டது, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை.

'படம் உண்மையிலேயே சுமார்தான் அக்கா' என்பீர்கள். ஆமாம். நடுவில் இருபது நிமிடம் இழுக்கிறது, சத்தம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். குறையைச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? குறை சொல்வது வேறு, செய்தவனை ஊர் சிரிக்க நிறுத்துவது வேறு. 'பழைய காலத்தையே கட்டி அழாதீர்கள்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்கு இது படத்தோடு நிற்கவில்லை. 1960-களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கோயில் வகுப்புகளில்தான் இங்கே தமிழை உயிரோடு வைத்திருக்கிறோம். போன வருடம் ஆண்டு விழாவில் என் அண்ணன் மகள் மேடையில் திருக்குறள் சொன்னாள். 'ழ' வரவில்லை, பர்மிய இழுவை வந்தது. முன்வரிசையில் பெரியவர்களே சிரித்தார்கள். அவள் அடுத்த வாரம் வகுப்புக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. கையால் செய்ததில் தையல் தெரியும், பிள்ளை பேசினால் தடுமாறும். அந்த இடத்தையே பார்த்துப் பார்த்துச் சிரித்தால் இங்கே யார் எதைச் செய்வார்கள்? எனக்குக் கோபம்கூட இல்லை, வலிக்கிறது.

துண்டைப் போட்ட தம்பிக்கு ஒன்று. நான் உனக்கு நாலு வரிசை பின்னால்தான் இருந்தேன். கரண்ட் போய், ஜெனரேட்டர் போட்டு, மறுபடி படம் ஓட ஆரம்பித்ததும், அந்த மிருகம் தண்ணீருக்கு அடியில் மேலே நீந்தும் பெண்ணுக்குக் கீழே சத்தமில்லாமல் நீந்தியதே, அப்போது ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த சின்னப் பையன் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். நீயும் போனைக் கீழே வைத்திருந்தாய், பார்த்தேன். துண்டை எடுத்துவிடு தம்பி. எடுக்க மனமில்லை என்றால் அந்த நீச்சலையும் சேர்த்துப் போடு.